சோதித்தவர் கையெழுத்து

வக்கீலம்மாவின் மேசை மேல் தபால் உறைகளை எடை போடும் சின்னத் தராசு ஒன்று இருந்தது. அதன் மூலையில் இருந்த நீர்மட்டக் குமிழி வட்டத்தை விட்டு வெளியே ஒதுங்கிக் கிடந்தது. கணவர் இறந்த பதினோராம் நாள், இந்த நாட்டில் இன்னும் எத்தனை நாள் இருக்கலாம் என்று கேட்க வந்து உட்கார்ந்திருக்கிறவள் கண்ணில் அதுதானா படவேண்டும்? பட்டுவிட்டது. இருபத்திரண்டு வருஷம் தராசு பழுது பார்க்கிறவரோடு குடித்தனம் நடத்தினால் கண் அப்படித்தான் பழகிப்போகும். அதைத் திருகிச் சமப்படுத்தப் போகாமல் கையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

"அறுபது நாள்," என்றார் வக்கீலம்மா. "அவர் இறந்த தேதியிலேர்ந்து கணக்கு. அதுல பதினொண்ணு போயிடுச்சு."

கணவர் வந்தது தொழில்முனைவோர் விசாவில். சொந்தப் பணம் போட்டுத் தொழில் தொடங்க வேண்டும். உள்ளூர்க்காரர் இரண்டு பேருக்காவது முழுநேர வேலை கொடுக்க வேண்டும். தொழிலை அவரே அன்றாடம் முன்னின்று நடத்த வேண்டும். அவள் வந்தது அவரைச் சார்ந்தவள் என்ற முறையில். வேலை செய்யத் தடையில்லை. ஆனால் அவர் விசா உறை என்றால் அவளுடையது அதில் ஒட்டிய தபால்தலை. உறை போனபின் தலையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"மூணு வழி இருக்கு," என்று வக்கீலம்மா விரல் மடக்கினார். "ஒண்ணு, சாமானைக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போறது. ரெண்டு, முதலீட்டாளர் விசா. பணத்தைப் போட்டா போதும், தொழிலை நீங்க நடத்தணும்னு இல்ல. ஆனா தொகை பெருசு, உங்க வீட்டுக்காரர் போட்டது போல ஆறு மடங்கு. மூணாவது, அவர் இடத்துல நீங்களே தொழில்முனைவோரா விண்ணப்பிக்கிறது. அதுக்குக் குறைஞ்சது பன்னிரண்டு மாசமா பட்டறைய நீங்கதான் நடத்துறீங்கன்னு காட்டணும். காட்ட முடியுமா?"

"நான்தான் பாத்துக்கிட்டேன். பதினாலு மாசமா."

"பாத்துக்கிட்டேன்னா? டீ போட்டுக் கொடுத்தீங்களா, தராசு பாத்தீங்களா?"

"தராசு."

"அப்ப காகிதம் இருக்குமே?"

இருந்தது. நூற்று முப்பத்தெட்டு சோதனை அட்டைகள், பட்டறை அலமாரியில், தேதிவாரியாக. எந்தக் கடையின் எந்தத் தராசு, எத்தனை கிலோ கல் வைத்தபோது எவ்வளவு காட்டியது, சரிசெய்த பின் எவ்வளவு, எல்லாம் அவள் கையால் எழுதியது. ஆனால் ஒவ்வொரு அட்டையின் அடியிலும் 'சோதித்தவர்' என்ற கட்டத்துக்குள் இருந்தது அவருடைய சின்னக் கையெழுத்து. அதையும் போட்டது அவள்தான்.

அதைச் சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமலே பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

*

இதற்கெல்லாம் ஆரம்பம் விண்ணப்பம் நிரப்பிக்கொடுத்த ஒரு மனிதர். நாலு வருஷத்துக்கு முன், அவர்கள் இருவரும் வந்திறங்கிய புதிதில், தராசு சோதிக்கும் உரிமத்துக்கான பரீட்சையைச் சேர்ந்தே எழுதினார்கள். இருவரும் தேறினார்கள். அவளுக்கு இரண்டு மதிப்பெண் அதிகம். அந்த இரண்டு மதிப்பெண்ணை அவர் சாகும்வரை விடவில்லை. எங்காவது வழி தவறினால் "நீதானே ரெண்டு மார்க்கு அதிகம், நீயே சொல்லு" என்பார்.

விண்ணப்பம் நிரப்பிக்கொடுத்தவர் இரண்டு சான்றிதழ்களையும் பார்த்தார். அவளுடையதை மட்டும் மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"தொழில நடத்துறது சார். அப்ப எல்லாக் காகிதத்துலயும் சார் பேருதான் இருக்கணும். நடுவுல அம்மா பேரு வந்துச்சுன்னா அதிகாரி குழம்பிடுவாரு. அம்மாவுக்கு என்ன தொழில்னு போடட்டும்? இல்லத்தரசி. சரியா?"

சரியென்று சொல்லிவிட்டார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. புது ஊரில் புதிதாகக் கால் வைத்தவர்களுக்கு, சொன்னதைவிட ஒரு படி கூடுதலாகவே அடங்கி நடக்கத் தோன்றும். எழுபதில் வண்டி ஓட்டலாம் என்றால் அறுபதில் ஓட்டுவார்கள். அப்படித்தான் அவள் ரசீதில்கூடக் கையெழுத்துப் போடாமல் இருந்தாள்.

முதல் இரண்டரை வருஷம் சோதித்தவர் அவர்தான், கட்டத்தில் இருந்ததும் உண்மைதான். பிறகு அவர் வலது கை நடுங்க ஆரம்பித்தது. ஒருநாள் மருந்துக்கடைத் தராசில் ஐம்பது கிராம் கல்லை இடுக்கியால் எடுத்து வைக்கப் போனவர், மூன்று தரம் முயன்று மூன்று தரமும் கல்லைப் பெட்டிக்கே திருப்பிவிட்டார். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு இடுக்கியை வாங்கினாள். வண்டியில் திரும்பும்போதுதான் சொன்னார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே. கை நடுங்குறவன்கிட்ட எவன் தராசு கொடுப்பான்? விசாக்காரங்களுக்குத் தெரிஞ்சா அதுவும் போச்சு."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?"

"உன் தங்கச்சிகிட்ட."

"அவகிட்ட சொன்னா நாளைக்குப் பேப்பர்லயே வந்துடும். சொல்ல மாட்டேன்."

அன்று மாலை பட்டறையில் அவள் அட்டையை எழுதி முடித்து, கட்டத்தில் அவர் கையெழுத்தைப் போட்டுக் காட்டினாள். கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு உற்றுப் பார்த்தார். "என் கையெழுத்த என்னைவிட நல்லா போடுறியே" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அதன்பின் கை போய், நடை போய், கடைசியில் மூச்சு. ஆனாலும் இறப்பதற்கு இரண்டு மாதம் முன்புவரை எல்லாக் கடைகளுக்கும் கூடவே வந்தார். முன்கடையில் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்து கடைக்காரரோடு பேசிக்கொண்டிருப்பார். உள்ளே அவள் கல் வைப்பாள்; யாராவது கேட்டால் தட்டைத் துடைக்கிறாள் என்று சொல்வதாக ஏற்பாடு. மின்தராசை முதலில் போட்டு அரை மணி நேரம் சும்மா விட வேண்டும். உள்ளே இருக்கும் பாகங்கள் சூடேறி ஒரு நிலைக்கு வரும்முன் சோதித்தால் எடை பிறகு நகர்ந்துவிடும். அந்த அரை மணி நேரம் இருவருக்கும் வேலையில்லை. ஆளுக்கொரு டீ. ஊர்வம்பெல்லாம் பேசித் தீர்ப்பது அப்போதுதான். பிள்ளை இல்லாத வீட்டில் பேச்சு ஏது என்று சிலர் நினைப்பதுண்டு. இவர்களுக்கோ அந்த அரை மணி நேரம் போதாமல்தான் இருந்தது.

*

கொழுந்தன் தொலைபேசியில் கூப்பிட்டார். ஊரிலேயே வசதியானவர், அண்ணன்மேல் உயிரை வைத்திருந்தவர். அழுது முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணி, அந்த முதலீட்டாளர் விசாவயே போட்டுடுங்க. பணத்துக்கு நானாச்சு. என் மச்சான் சும்மாதான் இருக்கான், அவன அனுப்புறேன். பட்டறைய அவன் பாத்துக்குவான். நீங்க வீட்டுல நிம்மதியா இருங்க."

"உங்க மச்சானுக்குத் தராசு தெரியுமா தம்பி?"

"அதுல என்ன அண்ணி இருக்கு, கத்துக்கிட்டாப் போச்சு. மெஷினுதானே சொல்லுது எடைய?"

கோபிக்கக்கூடிய பேச்சில்லை. அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் ஃபோனை வைத்தபின் அவளுக்கு வாய் கசந்தது. வக்கீலம்மா கொடுத்த முதலீட்டாளர் விசா படிவத்தை எடுத்துப் பார்த்தாள். 'அன்றாட நிர்வாகத்தில் விண்ணப்பதாரரின் பங்கு' என்ற இடத்தில் 'இல்லை' என்பதற்கு எதிரே பென்சிலால் ஒரு டிக் அடித்திருந்தார், வசதிக்காக.

மறுநாள் வக்கீலம்மாவிடம் போய், அட்டை விஷயத்தை உடைத்துச் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அதாவது, அவர் கையெழுத்த நீங்க போட்டீங்க."

"ஆமா."

"நூத்தி முப்பத்தெட்டு தடவை."

"ஆமா."

"கடவுளே." வக்கீலம்மா நாற்காலியில் சாய்ந்தார். "இதச் சொன்னாத்தான் நீங்க நடத்தினீங்கன்னு ஆகும். சொன்னா, கடைசி பதினாலு மாசம் அவர் நடத்தலன்னும் ஆகும். நிபந்தனைய மீறினார்னு அவர் கோப்புல ஒரு வரி எழுதுவாங்க. செத்தவர என்ன பண்ண முடியும், ஆனா வரி இருக்கும். உங்கமேலயும் பொய்க் கையெழுத்துன்னு வரலாம். சொல்லாம விட்டா, ரெண்டாவது வழி பட்டு மாதிரி போயிடும். உங்க கொழுந்தனார் பணம் தயாராயிருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க. எனக்கு ரெண்டும் ஒரே ஃபீஸ்தான்."

இங்கே இருப்பதா போவதா என்பது இப்போது கேள்வியாக இல்லை. இருக்கலாம், பட்டறையை இன்னொருவன் கையில் விட்டு, வீட்டில் உட்கார்ந்து இருக்கலாம். இல்லையென்றால் அவர் வாயைப் பொத்தச் சொன்ன ஒன்றை, அவர் போன பின் அரசாங்கக் காகிதத்தில் எழுதிக்கொடுத்து, அதுவும் பலிக்குமா என்று காத்திருக்கலாம். இரண்டு நாள் அந்தப் படிவத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

*

பட்டறையில் வேலைக்கு இரண்டு பேர். வண்டி ஓட்டுகிறவருக்கு நிதானம் என்று பெயர் வைத்திருந்தார் அவர். முப்பதைத் தாண்டி ஓட்டியதே இல்லை. கல்பெட்டி குலுங்கக்கூடாது என்பதற்காக என்று காரணம் சொல்வார், பெட்டி இல்லாத நாளிலும் அப்படியே ஓட்டுவார். இன்னொருத்தி கண்ணாடிக்காரி, தடித்த மூக்குக்கண்ணாடியோடு தராசுக்குள் இருக்கும் சர்க்யூட் பலகைகளைப் பழுது பார்க்கிறவள், மூன்று பிள்ளைகளின் தாய். இருவருக்கும் விஷயம் தெரியும். பட்டறைக்குள் எதை மறைப்பது?

"உங்க ரெண்டு பேருக்கும் வேலை போகாது," என்று அவள் சொன்னாள். "கொழுந்தனார் மச்சான் வருவாரு."

"வந்து?" என்றாள் கண்ணாடிக்காரி.

"நடத்துவாரு."

"என்னத்த?"

நிதானம் தொண்டையைச் செருமினார். "அம்மா, அந்த ரெண்டு கிலோ கல்லு ஞாபகம் இருக்கா?"

யாருக்குத்தான் மறக்கும்? மூன்று வருஷம் முன், அவர் ஒரு மளிகைக்கடை வாசலில் இரண்டு கிலோ கல்லைக் கீழே போட்டுவிட்டார். ஓரம் லேசாக நசுங்கியது. கண்ணுக்குத் தெரியாத நசுங்கல், ஆனால் அவர் அதை உடனே பரிசோதனைச் சாலைக்கு அனுப்பவில்லை, பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். மூன்று வாரம் கழித்து அனுப்பியபோது எடை தப்பு என்று வந்தது. அந்தக் கல்லை வைத்துச் சோதித்தவை பத்தொன்பது தராசுகள். இந்தத் தொழிலில் அதற்கு ஒரே விதிதான்: கல் தப்பென்றால், அது தொட்ட தராசையெல்லாம் திரும்பச் சோதிக்க வேண்டும், சொந்தச் செலவில். இரண்டே நாளில் பத்தொன்பது கடையும் ஏறி இறங்கினார். ஒவ்வொருவரிடமும் "தப்பு என்மேல" என்று சொன்னார். கண்ணாடிக்காரி அப்போது "சும்மா விட்டா எவனுக்குத் தெரியும் சார்?" என்று கேட்டதற்கு, "எனக்குத் தெரியுமே, அது போதாதா?" என்று எரிந்து விழுந்தார்.

"ஞாபகம் இருக்கு," என்றாள் அவள்.

"அவ்வளவுதான்மா. வண்டில டீசல் போட்டுட்டு வந்துடறேன்," என்று நிதானம் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

நிதானம் போன பிறகு அலமாரியைத் திறந்து நூற்று முப்பத்தெட்டு அட்டைகளையும் மேசைமேல் அடுக்கினாள். புதுக்கட்டு அட்டைகளைப் பிரித்தாள். மீதி இருந்தது நாற்பத்தாறு நாள். ஒரு நாளைக்கு நாலு தராசு. அவள் பேருக்கு முதல் எழுத்தாக எதைப் போடுவது, எப்படிச் சுழிப்பது என்பதே அவளுக்குப் பிடிபடவில்லை. பழைய காகிதத்தில் பத்துப் பன்னிரண்டு தரம் கிறுக்கிப் பார்த்தாள்.

"கல்யாணமாகப்போற பொண்ணு மாதிரி கிறுக்குறீங்களேம்மா," என்றாள் கண்ணாடிக்காரி.

"போடி."

*

முதலில் மருந்துக்கடை. மருந்துக்கடைக்காரர் மெலிந்த மனிதர், பேச்சும் மெலிசு. அவள் ஒப்பித்து வைத்திருந்ததைச் சொன்னாள்: இந்தத் தராசை இத்தனாம் தேதி சோதித்தது நான், அட்டையில் இருப்பது அவர் கையெழுத்து, அது தப்பு, அதனால் திரும்பச் சோதிக்க வந்திருக்கிறேன், காசு வேண்டாம்.

அவர் மாத்திரை எண்ணுவதை நிறுத்தாமலே, "நீங்கதான் பண்ணீங்கன்னு தெரியுமே," என்றார்.

"எப்படித் தெரியும்?"

"அவர்தான் சொன்னாரு."

"யாரு?"

"உங்க வீட்டுக்காரரு."

தராசு சூடேறும் அரை மணி நேரமும் அவள் பழைய அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு இடத்தில் வாய் தவறிச் சொல்லியிருப்பார் என்று சமாதானம் செய்துகொண்டாள். பழைய அட்டையும் புது அட்டையும் அரை கிராம்கூட வித்தியாசம் காட்டவில்லை.

அடுத்தது ரொட்டிக்கடை. ரொட்டிக்கடைக்காரர் பருத்த ஆள், கையெல்லாம் மாவு. அவள் பாதி சொல்லும்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அம்மா, அவரு எங்க உக்காருவாரு தெரியுமா? இதோ இந்த மாவு மூட்டை மேல. டீ கிளாஸ ரெண்டு கையாலயும் புடிச்சுக்குவாரு. 'நான் சும்மா துணைக்குத்தான் வந்தேன். தராசு பாக்குறது உள்ள இருக்கிற அம்மாதான். என்னைவிட ரெண்டு மார்க்கு ஜாஸ்தி'ன்னுவாரு. ஒரு தடவை இல்ல, வர்றப்பல்லாம்."

"வர்றப்பல்லாமா?"

"எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. அப்புறம் கிளம்புறப்போ, 'அவகிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க, திட்டுவா'ன்னுவாரு."

அவளுக்கு முதலில் வந்தது கோபம். பதினாலு மாசம்! கூடப்பிறந்த தங்கையிடம்கூட மூச்சு விடாமல், யாராவது "சார் உள்ள இருக்காரா" என்று கேட்டால் பேச்சை மாற்றிக்கொண்டு, ஒரு திருடி மாதிரி பின்கட்டில் நின்று கல் வைத்தாளே. இந்த மனுஷன் முன்கடையில் உட்கார்ந்து தண்டோரா போட்டிருக்கிறார்!

"இருக்கட்டும், வீட்டுக்கு வரட்டும் இவரு..." என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. ரொட்டிக்கடைக்காரர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த பலகையைத் துடைத்தார். அவள் கையுறையைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புது உறை மாட்டினாள். ஈரக் கையால் கல்லைத் தொடக்கூடாது.

அதன்பின் கடைக்குக் கடை அதே கதைதான். தபால் நிலையத்தில் சொல்லியிருந்தார். தானிய மண்டியில் சொல்லியிருந்தார். கொழுப்புப் பிடித்த இறைச்சிக்கடைத் தராசைக் கழுவச் சொல்லிச் சண்டை போட்டபோது, "உள்ள இருக்கிறவங்க வந்தா என்னைவிட மோசமா திட்டுவாங்க" என்று பயமுறுத்தியிருந்தார். காய்கறிச் சந்தைக்குள் அவள் நுழைந்தபோது ஒரு கிழவர் அடுத்த கடைக்குக் குரல் கொடுத்தார்: "ஏய், கல்லுக்காரம்மா வந்திருக்காங்க!"

"யாருங்க அது?" என்றாள்.

"நீங்கதான். வேற யாரு?"

தனக்கு அந்தச் சந்தையில் ஒரு பெயர் இருந்தது இத்தனை நாளாக அவளுக்குத் தெரியாது.

விவரம் கேட்டதும் வக்கீலம்மாவுக்கு உயிர் வந்துவிட்டது. "ஒவ்வொருத்தரும் அட்டைக்குப் பின்னாடி ஒரு வரி எழுதட்டும். என்ன தெரியும், எப்போலேர்ந்து தெரியும். அவங்க பாஷையிலயே எழுதட்டும், திருத்தாதீங்க." திருத்தவில்லை. ரொட்டிக்கடைக்காரர் எழுதிய அட்டையில் மாவுக் கைரேகையும் சேர்ந்து பதிந்திருந்தது.

*

நூற்று இருபத்தொன்பதாவது தராசு மீன்கடையினுடையது. அரை மணி நேரம் விட்டு, பத்துக் கிலோ கல்லை ஏற்றினாள். எண் நின்ற இடத்தைப் பார்த்தாள். இறக்கி, தட்டைத் துடைத்து, குமிழியைப் பார்த்து, மறுபடி ஏற்றினாள். ஆறு கிராம் அதிகம் காட்டியது. மூன்றாம் தரமும் அதே ஆறு.

மீன்கடைக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "என்னம்மா, முகம் மாறிடுச்சு?"

"ஆறு கிராம் தப்பு."

"எனக்கு லாபமா, நஷ்டமா?"

"லாபம்."

"அப்ப நல்லாத்தானே இருக்கு, விடுங்க."

அவள் சிரிக்கவில்லை. பழைய அட்டையின் தேதியைப் பார்த்தாள். பார்க்கத் தேவையே இல்லை. அன்றைக்கு அவர் வண்டியில் வரவில்லை, அசதியாக இருக்கிறதென்று பட்டறையில் படுத்திருந்தார். இதே இடத்தில், தராசைப் போட்டுப் பத்து நிமிஷம்கூட ஆகாதபோது, கண்ணாடிக்காரியிடமிருந்து ஃபோன் வந்தது: சார் கீழே விழுந்துட்டாரு, ஆம்புலன்ஸ் வந்துடுச்சு. நிதானம் வண்டியைக் கிளப்பி நின்றார். கல்லை அப்படியே பெட்டியில் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஆனால் சந்தை நாளில் முத்திரையில்லாத தராசோடு மீன்கடைக்காரர் கடை நடத்த முடியாது என்று, சூடேறாத தராசைச் சரிசெய்து, முத்திரையும் குத்தி, கட்டத்தில் அவர் கையெழுத்தையும் போட்டுவிட்டுத்தான் ஓடினாள். அன்று நிதானம் எழுபதில் ஓட்டினார்.

இப்போது புது அட்டையில் எழுதினாள்: வந்தபோது ஆறு கிராம் அதிகம். காரணம்: முந்திய சோதனையில் தராசு போதிய நேரம் சூடேறவில்லை. சோதித்தவரின் தவறு. கீழே தன் கையெழுத்து. தராசைச் சரியாக்கி முத்திரை குத்தினாள்.

வக்கீலம்மா அந்த அட்டையைத் தனியே எடுத்து வைத்தார்.

"இது வேண்டாம். நூத்தி முப்பத்தேழு போதும். ஒண்ணு குறைஞ்சா யாரு எண்ணப் போறாங்க?"

"நான் எண்ணுவேனே."

"உங்களுக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன். பொய்க் கையெழுத்து, அதோட தப்பான வேலை. ரெண்டும் ஒரே அட்டைல! அதிகாரிக்கு நாமளே கத்தியத் தீட்டிக் கொடுக்கிற மாதிரி."

"இதை எடுத்துட்டா மத்ததெல்லாம் பொறுக்கி எடுத்து வச்சதா ஆயிடும் வக்கீலம்மா."

வக்கீலம்மா பேனாவை மூடினார். பிறகு அட்டையைத் தேதிப்படி அதன் இடத்தில் சொருகினார். "உங்களக் கட்டிக்கிட்டு அவரு எப்படித்தான் காலம் தள்ளினாரோ," என்றார்.

"அவர எழுப்பிக் கேட்டாத்தான் தெரியும்," என்று சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். அவரைப் பற்றி அவள் செய்த முதல் கேலி அது, அவர் போன பின்.

விடைபெறும்போது, "ஒரு நிமிஷம்," என்று தபால் தராசின் அடியில் இருந்த திருகைக் கால் சுற்றுத் திருப்பினாள். குமிழி மெல்ல நகர்ந்து வட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது.

*

ஐம்பத்தெட்டாம் நாள் நேர்காணல். சுவர் முழுக்க வெள்ளையடித்த சின்ன அறை. மேசை, மூன்று நாற்காலி, ஒரு தண்ணீர் ஜாடி. அதிகாரி அவள் வயதுக்காரர், சட்டைப் பையில் இரண்டு பேனா. அட்டைப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, நிதானமாக ஒவ்வொன்றாகத் திருப்பினார். பின்பக்க வரிகளைப் படிக்கும்போது இரண்டு இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஒன்று ரொட்டிக்கடையாக இருக்கும். பிறகு ஒரு அட்டையை உருவி மேசைமேல் வைத்தார். பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நூத்தி முப்பத்தேழு அட்டைல பழைய எடையும் புது எடையும் ஒத்துப்போகுது. இது ஒண்ணு போகல."

"ஆமா சார்."

"இந்தக் கையெழுத்து யாரோடது?"

"அவரோட மாதிரி நான் போட்டது."

"அப்ப இந்தத் தப்பு?"

"என்னோடது. அவர் அன்னைக்கு அங்க இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில இருந்தாரு."

பக்கத்தில் வக்கீலம்மா செருப்பு நுனியால் அவள் காலைத் தொட்டார். போதும் என்று அர்த்தம். அவள் நிறுத்தவில்லை.

"பன்னிரண்டு மாசம் நடத்தினதா காட்டணும்னாங்க. நடத்தினது நான்னா இந்த ஆறு கிராமும் என் கணக்குலதானே சார் வரணும்? அவர் பேருல எழுதிடாதீங்க. அவர் கையில இருந்த வரைக்கும் தப்புன்னு தெரிஞ்ச ஒரு தராசக்கூட அப்படியே விட்டதில்ல."

அதிகாரி அட்டையைத் திருப்பினார். மீன்கடைக்காரர் பின்னால் எழுதியிருந்தது ஒரே வரி. அதை உரக்கப் படித்தார்: "'ஆறு கிராம் எனக்கு லாபம், வேண்டாம்னு சொன்னேன், கேக்காம சரி பண்ணிட்டுப் போயிட்டாங்க.'"

வக்கீலம்மாவுக்கு இருமல் வந்தது.

"உங்க கணவர் நிபந்தனைய மீறினதா நான் எழுதித்தான் ஆகணும்," என்றார் அதிகாரி. "அதுக்கு மேல, உடல்நிலை காரணமாகன்னும் எழுதலாம். தொழில் நிக்காம நடந்துச்சுன்னும் எழுதலாம். கையெழுத்து விஷயத்த மேல இருக்கிறவங்க பாப்பாங்க. நான் எந்த உறுதியும் கொடுக்க முடியாது."

"சரி சார்."

"அதுவரைக்கும் நீங்க இங்கயே இருக்கலாம். பட்டறையும் நடத்தலாம்." பேனாவை எடுத்துக் கோப்பில் பழைய படிவத்தைத் திருப்பினார். "இங்க இல்லத்தரசின்னு இருக்கு. மாத்தணும். என்னன்னு போட?"

"தராசு சோதிக்கிறவங்கன்னு போடுங்க," என்றாள். கல்லுக்காரம்மா என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

*

பதினேழு நாள் கழித்துக் காலையில் கடிதம் வந்தது. தபால்காரர் பட்டறை வாசலில் நிதானத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கண்ணாடிக்காரி பற்றவைக்கும் இரும்பை அணைக்காமலே எழுந்து வந்தாள். மூவரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். அவள் கிழிக்காமல், கத்தியை விட்டு நேராகக் கீறித் திறந்தாள்.

"என்னம்மா போட்டிருக்கான்?"

ஒரு தரம் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். முதல் பத்தியில் அவர் பெயர் இருந்தது. நிபந்தனை மீறல் என்று இருந்தது. அதே வாக்கியத்தில், கமா போட்டு, உடல்நிலை காரணமாக என்றும் இருந்தது. இரண்டாம் பத்தியில் அவளுக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை. மூன்றாம் பத்தி.

"ரெண்டு வருஷம்," என்றாள். "என் பேருல."

கண்ணாடிக்காரி அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். நிதானம் மூக்கைச் சிந்திவிட்டு, "ரொட்டிக்கடைக்காரரு காலைலேர்ந்து ஃபோன் போட்டுக்கிட்டே இருக்காரு. புதுத் தராசு வாங்கியிருக்காராம்," என்றார்.

"கிளம்புங்க."

கொழுந்தனுக்கு வண்டியிலிருந்தே கூப்பிட்டுச் சொன்னாள். அவருக்குச் சந்தோஷமும் கொஞ்சம் வருத்தமும். "மச்சான் பெட்டியெல்லாம் கட்டிட்டானே அண்ணி," என்றார்.

"வரட்டும் தம்பி, பரீட்சை எழுதட்டும். என் மார்க்கத் தாண்டினா வேலை போட்டுத் தர்றேன்."

ரொட்டிக்கடையில் புதுத் தராசு பளபளவென்று நின்றது. குமிழியை நடுவில் கொண்டுவந்தாள். மின்சாரத்தைப் போட்டாள். எண்கள் மினுமினுத்துச் சுழியத்தில் நின்றன. பார்க்கிறவருக்கு அது அப்போதே தயார் போலத்தான் இருக்கும்.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் ரொட்டிக்கடைக்காரர். "அடுப்புல சரக்கு இருக்கு."

"அரை மணி நேரம் ஆகணும்."

அவர் முனகிக்கொண்டே உள்ளே போய் ஒரு டீ கொண்டுவந்து கொடுத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அட்டையில் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். பிறகு முன்கடைக்குப் போய், மாவு மூட்டை மேல் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் பின்கட்டில் தராசு வைத்திருக்கும் பலகை முழுசாகத் தெரிந்தது. அதன் முன்னால் நிற்கிறவரின் முதுகும், கையும், கல் வைக்கும் விரலும்கூடத் தெரியும். இத்தனை நாள் அவர் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இன்னும் இருபத்தெட்டு நிமிஷம் இருந்தது.